தண்ணீர்க் கணக்குப் போட்டுத் தோட்டம் போடுவோம்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா நினைவுக்கு வரும். ராஜபாளையம் என்றதும் அந்த ஊரின் பெயரையே தாங்கிய வெள்ளை நிற வேட்டை நாய் நினைவுக்கு வரும். இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்கே தலை நிமிர்ந்து நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி.

இந்த மலையைப் பற்றி ஒரு விந்தை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் மோதி மேலே எழும்பும்போது அது குளிர்ந்து, தன் சுமையை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மலையைத் தாண்டி இறங்கும் காற்றோ வறண்ட காற்று. ஆகவே விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான். இதிலும் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருவது. இத்தகைய நிலப்பகுதியை ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்று உங்கள் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

இப்படிப்பட்ட ஊரில், இளைஞர் மன்றம் ஒன்றுக்குத் தோட்டம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிலிருந்து தொடங்குவீர்கள்? நாற்றுப் பண்ணைக்குப் போய்ச் செடி வாங்குவதிலிருந்தா? இல்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதிலிருந்து!

ஒரு மன்றம், ஒரு கணக்கு

இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு கிராமத்தில் நம் மன்றம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மனை 25 சென்ட். அதாவது சுமார் 1,000 சதுர மீட்டர். ஒரு மூலையில் படிப்பகக் கட்டடம். அதன் மொட்டைமாடி 150 சதுர மீட்டர். நடுவில் கைப்பந்து ஆடுகளம். சுற்றிலும் ஓடியாட விட்ட இடத்தையும் சேர்த்து 360 சதுர மீட்டர். மீதி இடத்தில், சினிமாவில் பார்த்ததைப் போல 400 சதுர மீட்டருக்குப் பச்சைப் பசேலென்று புல்தரை போடலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

இப்போது ஒரு சின்ன உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒரு வாய்பாடு போதும். எந்தத் தோட்டத்தின் நீர்க் கணக்கையும் போட்டுவிடலாம்.

வெயில் காலத்தில் புல்தரை பசுமை மாறாமல் இருக்க, நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீராவது வேண்டும். 400 சதுர மீட்டருக்கு எவ்வளவு? 1,600 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் கொள்ளும் என்றால், நாள்தோறும் நூறு குடத்துக்கும் மேல்! கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய் நீர் தர வேண்டும் என்பது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அப்படியானால் அந்தப் புல்தரை 29 பேருடைய பங்கைக் குடித்துவிடுகிறது.

மாசி முதல் வைகாசி வரை 120 நாட்களுக்குக் கணக்கிட்டால் 1,92,000 லிட்டர். இவ்வளவும் எங்கிருந்து வரும்? ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான். அதே நிலத்தடி நீரைத்தான் தெருக் குழாயும், பக்கத்துத் தோப்புக் கிணறும் நம்பியிருக்கின்றன. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பவர்கள் மன்றத்துப் புல்லைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? ஊருக்காக உள்ள மன்றம் ஊரோடு நீருக்குப் போட்டியிடலாமா?

கணக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம். நம் மனை மீது ஓராண்டில் விழும் மழை, 1,000 சதுர மீட்டர் பெருக்கல் 800 மில்லிமீட்டர். அதாவது 8 லட்சம் லிட்டர். மொட்டைமாடியில் மட்டும் விழுவது 1,20,000 லிட்டர். தெறித்ததும், ஆவியானதும், முதல் மழையில் தூசியோடு கழிந்ததும் போக 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால் 96,000 லிட்டர். புல்தரை நான்கே மாதத்தில் கேட்பது இதைப்போல இரு மடங்கு. ஆனால், அந்த 8 லட்சம் லிட்டரைப் பார்த்தீர்களா? நம் மனை ஏழை அல்ல. வரவு சில வாரங்களில் வந்து குவிகிறது. செலவோ ஆண்டு முழுவதும் இருக்கிறது. சிக்கல் இதுதான்.

இலை ஏன் இவ்வளவு குடிக்கிறது?

செடி உறிஞ்சும் நீரெல்லாம் அதன் உடம்பில் சேர்வதாக நினைக்கிறோம். உண்மை வேறு. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் வளர்ச்சிக்கும் ஒளிச்சேர்க்கைக்கும் பயன்படுகிறது. மீதியெல்லாம் இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளியேறிவிடுகிறது. இதுவே நீராவிப்போக்கு. இது வீண் செலவும் அல்ல. கரியமில வாயு உள்ளே வர இலைத்துளை திறந்தாக வேண்டும். திறந்தால் ஈரம் வெளியே போகாமல் இராது. வெயிலில் இலை சூடேறாமல் காப்பதும் இந்த ஆவியாதல்தான்.

வறண்ட நிலத்துத் தாவரங்கள் இந்தச் செலவைக் குறைக்கப் பல தந்திரங்களைக் கற்றிருக்கின்றன. வன்னி மரத்தைப் பாருங்கள். இலையைப் பொடிப்பொடியாகப் பிரித்துவைத்திருக்கிறது. அரளி தன் இலைத்துளைகளை இலையின் அடிப்பக்கக் குழிகளுக்குள் ஒளித்துவைத்து, வாயிலில் மெல்லிய மயிர்களைத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறது. சோற்றுக் கற்றாழையோ இன்னும் சாமர்த்தியசாலி. பகல் வெயிலில் கதவைச் சாத்திவிட்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து, வேண்டிய கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்கிறது.

காலடி படாத புல்

அப்படியானால் புல்லே கூடாதா? அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் பாலைவனத்தின் நடுவே லாஸ் வேகாஸ் நகரம் இருக்கிறது. அந்நகருக்கு நீர் தரும் கொலராடோ ஆறு வற்றத் தொடங்கியது. 2021-ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஒரு சட்டம் செய்தது. அலுவலக வாசல்களிலும் சாலை நடுவிலும் அழகுக்காக மட்டும் வளர்க்கும் புல்லுக்கு, 2027-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்பது அது. குழந்தைகள் விளையாடும் புல்தரைக்கு அந்தத் தடை இல்லை. காலடி படும் புல், காலடி படாத புல் என்று பிரித்துப் பார்த்தார்கள்!

நம் மன்றத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கைப்பந்து ஆட நன்கு கெட்டித்த மண் தரையே போதும். உட்கார்ந்து பேச, உருண்டு விளையாட ஒரு சிறு திட்டுப் புல் வேண்டுமானால், நம் மண்ணிலேயே இருக்கிறது அருகம்புல். ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி’ என்று பெரியவர்கள் வாழ்த்துவது வெறும் பேச்சல்ல. கோடையில் நீரின்றி மேலே பழுப்பேறிக் காய்ந்தாலும், மண்ணுக்குள் ஓடும் அதன் தண்டு உயிரோடு இருக்கும். ஒரு மழை பெய்ததும் பச்சை எட்டிப் பார்க்கும். அது சாகவில்லை, உறங்குகிறது. கோடையில் அதை உறங்க விட்டுவிடுங்கள்.

மனைக்குள் ஒரு கண்மாய்த் தொடர்

சில வாரங்களில் குவியும் வரவை ஆண்டு முழுவதும் செலவிடுவது எப்படி? இந்த வினாவுக்கு நம் முன்னோர் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். அதுதான் கண்மாய். மலையிலிருந்து வரும் ஓடையை ஒரு கரை போட்டுத் தடுத்தார்கள். நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்; அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஓடுகிற நீரை நடக்க வைத்தார்கள். நடக்கிற நீரை நிற்க வைத்தார்கள். நிற்கிற நீரை மண்ணுக்குள் இறங்க வைத்தார்கள். ‘கண்மாய் மறுகால் பாய்ந்துவிட்டதா?’ என்று இன்றும் மழைக்காலத்தில் ஊரார் விசாரிப்பதைக் கேட்டிருப்பீர்கள்.

இதே ஏற்பாட்டை 25 சென்ட் மனைக்குள் சிறு அளவில் செய்யலாம். மாடி நீர் முதலில் மூடியிட்ட ஒரு தொட்டிக்கு வரட்டும். தொட்டி நிரம்பி வழிவது, பக்கத்திலுள்ள தாழ்வான பாத்திக்குப் போகட்டும். அந்தப் பாத்தி நிரம்பினால் அடுத்த பாத்திக்கு ஒரு சிறு மறுகால். கடைசிப் பாத்தியின் மறுகால் மட்டும் தெரு வாய்க்காலைப் பார்க்கட்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பூங்காக்களில் பூப்பாத்திகளை மேடாக்கி, சுற்றிலும் செங்கல் பதித்து, நடைபாதையைத் தாழ்வாக விடுகிறார்கள். மழை பெய்ததும் நீர் பாத்தியிலிருந்து வழிந்து, நடைபாதை வழியே ஓடிவிடுகிறது. நாம் இதைத் தலைகீழாகச் செய்வோம். நடைபாதை மேடு, பாத்தி பள்ளம். 100 சதுர மீட்டர் பாத்தி 10 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தால், ஒரு முறை நிரம்பும்போது 10,000 லிட்டர் நிற்கும். சிமெண்டு வேண்டாம், கொத்தனார் வேண்டாம், மண்வெட்டி போதும்!

புதுச்சேரிக்கு அருகே 1968-இல் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது, அந்தச் செம்மண் மேடு மரமற்று, மழையால் அரிக்கப்பட்டுக் கிடந்தது. அங்கு வந்தவர்கள் மரம் நடுவதோடு நிற்கவில்லை. மழைநீர் ஓடிவிடாதபடி வரப்புகளும் சிறு தடுப்பணைகளும் போட்டார்கள். வரப்பு நிறுத்திய நீரில் வேர் பிடித்தன கன்றுகள். அந்த மண்ணுக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களும் அவற்றில் இருந்தன. இன்று அங்கே காடு நிற்கிறது. வரப்பு முன்னே, மரம் பின்னே. இதுவே அவர்கள் நமக்குக் காட்டும் பாடம்.

தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் மன்றத்திலோ பள்ளியிலோ மாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று போய்ப் பாருங்கள். சல்லியும் மணலும் நிரப்பிய குழியில் முடிந்தால் மகிழ்ச்சி. அந்தக் குழி தூர்ந்து போயிருந்தால், சுத்தம் செய்வதே உங்கள் முதல் வேலை.

மண்ணைக் கேளுங்கள்

இந்த வட்டாரத்தில் மலையடிவாரத்தில் செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல். இரண்டும் நீரை நடத்தும் விதம் வேறு. செம்மண் நீரை விரைவாக உள்ளே விடும். விரைவாகவே இழந்தும் விடும். கரிசலில் களித் துகள்கள் மிகுதி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசல் நீரை நெடுநாள் பிடித்துவைத்திருக்கும். ஆனால் உள்ளே விடுவதில் கஞ்சன்.

ஆகவே பாத்தி வெட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, நீரை நிரப்புங்கள். முதல் நீர் வடிந்த பிறகு மறுபடியும் நிரப்பி, அது வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் பாத்தியை ஆழமாக்கலாம். இரண்டு நாளாகியும் நின்றால் ஆழம் வேண்டாம். பாத்தியை அகலமாக்குங்கள், மக்கிய எருவும் இலைதழையும் கலந்து மண்ணைப் பொலபொலப்பாக்குங்கள். எந்தப் பாத்தியிலும் மூன்று நாட்களுக்கு மேல் நீர் தேங்கக் கூடாது. ஏன் தெரியுமா? கொசு முட்டையிட்டுப் புழுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். மழைநீரைச் சேர்க்கிறோம் என்று கொசுவைச் சேர்த்துவிடக் கூடாதல்லவா?

யாரும் நீர் ஊற்றாத தோட்டம்

மேற்கே மலையைப் பாருங்கள். சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் அங்கே ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு நீர் வருவதும் இம்மலையிலிருந்துதான். இந்தக் காட்டுக்கு யார் நீர் ஊற்றுகிறார்கள்? யாரும் இல்லை. யாரும் பெருக்குவதும் இல்லை. அங்கேதான் சூட்சுமம்!

காட்டில் விழுந்த சருகு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அது வெயிலையும் காற்றையும் மண்ணில் படவிடாமல் மூடுகிறது. மழைத்துளி நேரே மண்ணை அடித்துக் கரைக்காமல் தாங்குகிறது. பிறகு மக்கி, நீரைப் பஞ்சுபோல் பிடித்துவைக்கிறது. உழவர்கள் இதற்கு ‘மூடாக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாமோ நாள்தோறும் மன்றத்து முற்றத்தைப் பெருக்கி, சருகைக் குவித்துக் கொளுத்திவிட்டு, வெறும் மண்ணுக்கு நீர் தெளிக்கிறோம். சருகையும் நெல் உமியையும் தென்னை மட்டைத் துண்டுகளையும் செடியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் சிறிது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் பட்டை அழுகும்.

எந்தச் செடி, எந்த இடம்?

அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் நிறுவனம் 1981-ஆம் ஆண்டில், வறண்ட நிலத் தோட்டக்கலைக்கு ‘ஜெரிஸ்கேப்’ என்று ஒரு புதுப்பெயர் சூட்டியது. ‘ஜெரோஸ்’ என்பது ‘வறண்ட’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதன் விதிகளில் முக்கியமானது, ஒரே அளவு தாகமுள்ள செடிகளை ஒரே இடத்தில் சேர்த்து நடுவது. குடிகாரச் செடிக்குப் பக்கத்தில் விரதக்காரச் செடியை நட்டால், ஒன்று வாடும் அல்லது மற்றது அழுகும்.

நம் மன்றத்தை மூன்று பகுதியாகப் பிரிப்போம். கை கழுவும் இடத்தருகே, வீணாகும் நீர் நாள்தோறும் விழும் இடத்தில், வாழையும் கல்வாழையும். மாடி நீர் வழியும் தாழ்ந்த பாத்திகளில், மழைக்காலத்தில் நனைந்து கோடையில் தாக்குப்பிடிக்கும் புங்கனும் பூவரசும். நீர் எட்டாத ஓரங்களில் வேம்பு, வன்னி, ஆத்தி, சரக்கொன்றை. வேலியோரம் நொச்சியும் ஆடாதொடையும். ஆடு கடிக்காத செடிகள் அவை. இடையிடையே ஆவாரை. மஞ்சள் பூவைக் காண வருவதோடு நில்லாமல், சில வகை வண்ணத்துப்பூச்சிகள் ஆவாரை இலையிலேயே முட்டையிட்டு வளரும். படிப்பக வாசலில் துளசியும் சோற்றுக் கற்றாழையும்.

இரண்டு எச்சரிக்கைகள். அரளி வறட்சி தாங்கும், அழகாகப் பூக்கும். ஆனால் செடி முழுதும் நஞ்சு. சிறு குழந்தைகள் வரும் இடத்தில் அது வேண்டாம். சீமைக் கருவேலமும் வறட்சி தாங்கும். ஆனால் மற்றச் செடிகளுக்கு இடம் விடாது. அயல்நாட்டிலிருந்து வந்து நம் கண்மாய்களையே ஆக்கிரமித்த மரம் அது. வறட்சி தாங்குவது மட்டுமே தகுதி ஆகிவிடாது.

‘மரமும் தண்ணீர் குடிக்காதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. குடிக்கும், பெரிய மரம் புல்லைவிட நிறையவே குடிக்கும். ஆனால் அது குடிப்பது, மழைக்காலத்தில் நாம் மண்ணுக்குள் இறக்கிவைத்த நீரை. அருகம்புல்லைத் தவிர மற்ற அலங்காரப் புல்லின் வேர் எட்டாத ஆழத்துக்கு வேம்பின் வேர் போகும். மேலும், அது கொடுக்கும் நிழலில் நீங்கள் உட்கார்ந்து படிக்கலாம். நிழல் விழுந்த மண்ணும் மெல்லத்தான் காயும். என்றாலும் கையகல இடத்தில் பத்து மரம் திணிக்கக் கூடாது. மழை வரவுக்கு ஏற்ற மரங்களே வேண்டும்.

எந்தச் செடிக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரியாழ்வாரின் நந்தவனத்தில் துளசிச் செடியருகே ஆண்டாள் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டார் என்பது வைணவ மரபு. நந்தவனத்தில் பூவும் துளசியும் மாலைக்காக வளர்ந்தன. பார்வைக்காக மட்டும் அங்கே எதுவும் இல்லை.

பானையின் பொறுமை

எந்த மரமும் பிறந்தவுடன் வறட்சி தாங்காது. நட்ட முதல் இரண்டு கோடைகளில் அதைக் காப்பாற்றிவிட்டால், பிறகு அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. கன்றுக்கு ஒரு முழம் தள்ளி, கழுத்தளவு மண்ணில் ஒரு மண்பானையைப் புதையுங்கள். நீரை நிரப்பி மூடிவிடுங்கள். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசியும். சுற்றியுள்ள மண் காய்ந்திருந்தால் கசிவு கூடும்; ஈரமாக இருந்தால் தானே குறையும். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. ஆனாலும் தேவையறிந்து கொடுக்கும் கருவி! சீன நாட்டு வேளாண் நூல் ஒன்றில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இம்முறை எழுதப்பட்டிருக்கிறது. மெருகு பூசிய பானை வேண்டாம்; தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்க்கும் பானையே வேண்டும். மூடியை மறந்துவிடாதீர்கள், கொசு காத்திருக்கும்.

தேர்வுக் காலம்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் உங்களுக்குத் தேர்வு. செடிகளுக்கும் அதுதான் தேர்வுக் காலம். மன்றத்துத் தோட்டங்கள் பல பட்டுப்போவது இப்போதுதான். ஊற்றுகிற கைகள் புத்தகத்தைப் பிடித்திருக்கின்றன, வெயிலோ கொளுத்துகிறது. நாள்தோறும் ஆள் வந்து ஊற்ற வேண்டிய தோட்டம் மாணவர்களுக்கு ஏற்ற தோட்டம் அல்ல. வாரத்தில் இரண்டு நாள் பார்த்தால் போதும் என்ற தோட்டமே ஏற்றது.

மறுபடியும் கணக்குக்கு வருவோம். நம் மன்றத்தில் 30 கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பானை, ஆளுக்கு 5 லிட்டர். வாரம் இரு முறை நிரப்புகிறோம். வாரத்துக்கு 600 லிட்டர். மாசி முதல் வைகாசி வரை 17 வாரங்களுக்கு 10,200 லிட்டர். புல்தரை கேட்டது 1,92,000 லிட்டர்; இது அதில் ஏறத்தாழ 19-இல் ஒரு பங்கு.

இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழமுள்ள மூடிய தொட்டி 10,000 லிட்டர் கொள்ளும். கோடை முழுவதற்கும் கிட்டத்தட்ட அது போதும். அதை நிரப்ப மாடியில் எவ்வளவு மழை பெய்ய வேண்டும்? 84 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஐப்பசியின் ஓர் அடைமழை! அதற்குப் பிறகு விழும் மழையெல்லாம் பாத்திகளுக்கும் நிலத்தடிக்கும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு எடுப்பது அநேகமாக ஒன்றுமில்லை, கொடுப்பதோ நிறைய. ஊரோடு நீருக்குப் போட்டியிட்ட மன்றம், இப்போது ஊருக்கு நீர் சேர்க்கும் மன்றமாகிவிட்டது.

நாள் பார்த்து நடுவதும் முக்கியம். பலர் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மரம் நடுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் அது பொருந்தும். நமக்கோ புரட்டாசிக் கடைசிதான் ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்து, கன்று கோடையைச் சந்திக்கத் தயாராக ஐந்து மாதம் கிடைக்கும். குழியும் வரப்பும் பாத்தியும் ஆவணியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. இலை நிறைந்த ஒரு வேப்பங்கிளையையும் ஒரு செம்பருத்திக் கிளையையும் ஒளி ஊடுருவும் பாலிதீன் பைகளால் மூடிக் கட்டுங்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு இலைப்பரப்பு இருக்கட்டும். மூன்று மணி நேரம் கழித்து, பைகளில் சேர்ந்த நீரை அளந்து ஒப்பிடுங்கள். முடிந்ததும் பைகளைக் கழற்றிவிடுங்கள்.

2. ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் சருகு மூடாக்கு இடுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் எடை போட்டு, நாளுக்கு எத்தனை கிராம் குறைகிறது என்று வரைபடம் வரையுங்கள். ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லிலிட்டர் நீர் ஆவியாயிற்று என்று பொருள்.

3. உங்கள் பள்ளி மாடியின் நீள அகலத்தை அளந்து, அதில் ஓராண்டில் எத்தனை லிட்டர் மழை விழும் என்று கணக்கிடுங்கள். பிறகு, பள்ளித் தோட்டத்துக்கு ஒரு நாளில் எத்தனை குடம் ஊற்றுகிறார்கள் என்று எண்ணுங்கள். வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தலைமையாசிரியரிடம் காட்டுங்கள்.

அடுத்த ஐப்பசிக்குள் உங்கள் கையில் ஒரு மண்வெட்டி இருக்கட்டும். அதற்கும் முன்னால், இந்தக் கணக்கு இருக்கட்டும்.